மாலையில் ஒரு மருத்துவர் வேண்டும்



சென்ற மாதம் கூடிய நமது சங்கப் பொதுக்குழு ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியிருக்கிறது. "குடியாலும் போதையாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கும், மனநோயால் துன்புறுவோருக்கும், நாம் குடியிருக்கும் பகுதியிலேயே, வேலை முடிந்து வரக்கூடிய மாலை நேரத்தில், வாரம் இரண்டு நாள் வெளிநோயாளர் சிகிச்சை கிடைக்க மும்பை மாநகராட்சி ஏற்பாடு செய்ய வேண்டும், நோயாளி சொல்வதைத் தமிழில் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஒருவர் அங்கே இருக்க வேண்டும்" என்பதே அந்தத் தீர்மானம்.

தீர்மானம் நிறைவேறியது, ஆனால் ஒருமனதாக நிறைவேறவில்லை. தண்ணீர்க் குழாய்க்கும், ரேஷன் கார்டுக்கும், தமிழ் வழிப் பள்ளிக்கும் முதல் ஆளாகக் கை தூக்கும் தோழர்களில் சிலர் இதற்குக் கை தூக்கவில்லை. "குடிகாரனுக்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். "திமிரெடுத்துக் குடிக்கிறவனுக்கு மருந்து எதற்கு? நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும்" என்றார் இன்னொருவர். "ஏற்கெனவே நம்மைப் பற்றி இந்த ஊரில் பேசாத பேச்சில்லை. நாமே மனுக் கொடுத்து 'ஆமாம், நாங்கள் குடிகாரர்கள்தான், பைத்தியங்கள்தான்' என்று எழுதித் தருவதா?" என்று மூன்றாமவர் மனம் நொந்து கேட்டார். மூவரும் சங்கத்துக்காக உழைப்பவர்கள். அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

இது சங்கத்தின் வேலையா?

சங்க அலுவலகத்துக்கு வரும் மனுக்களைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று ஒரு மனு. வட்டிக்காரன் வங்கி அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டான் என்று ஒரு மனு. மூன்று நாள் வரவில்லை என்று முக்காதம் பெயரை அடித்துவிட்டான் என்று ஒரு மனு. புருஷன் அடித்ததில் கை எலும்பு முறிந்தது என்று ஒரு மனு. மேலே எழுதியிருக்கும் விஷயம் வெவ்வேறு. உட்கார வைத்து விசாரித்தால் பலவற்றின் அடியில் ஒரே புட்டிதான் உருண்டு கிடக்கிறது. கூலி உயர்வுக்காக நாம் போராடுகிறோம். உயர்ந்த கூலி வீட்டுக்கு வரும் வழியிலேயே கரைந்து போகுமானால், அந்தப் போராட்டத்தில் பாதியை நாம் தோற்றுவிட்டோம் என்றுதானே பொருள்?

இது நம் சமூகத்துக்கு மட்டும் வந்த கேடு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் கணக்கெடுத்து 2019-ம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5 கோடியே 70 லட்சம் பேருக்கு மதுவினால் வந்த பாதிப்புக்கு உதவி தேவைப்படுகிறது என்று அது சொல்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்விலும் இதே கதைதான். மதுவினால் நோயுற்றோரில் 100-க்கு 86 பேர் சிகிச்சை இல்லாமலே இருக்கிறார்கள் என்று அது கண்டது.

சாக்கடையில் இறங்கும் தோழர்களிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "அண்ணாச்சி, ஊத்திக்காம அந்த நாத்தத்துல இறங்க முடியாது" என்பார்கள். தோல் பதனிடும் இடத்தில் நிற்பவரும், கோடியில் பாரம் தூக்குபவரும் இதையேதான் சொல்கிறார்கள். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் முறை வைத்துத் தூங்குகிறோம். ஊரை விட்டு, உறவை விட்டு, பேச ஆளில்லாமல் இளம்பிள்ளைகள் கிடக்கிறார்கள். வேலை எப்படியோ, குடியிருப்பு எப்படியோ, நோயும் அப்படியே வருகிறது. வேலையும் குடியிருப்பும் சங்கத்தின் விஷயங்கள் என்றால் அவற்றால் வரும் நோயும் சங்கத்தின் விஷயம்தான்.

நோயா, திமிரா?

முதல் குவளையை ஒருவன் தன் விருப்பத்தால்தான் எடுக்கிறான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வருடக்கணக்கில் தினமும் குடித்தவனுடைய மூளையும் நரம்பும் சாராயத்துக்கு ஏற்றபடி தங்களை மாற்றிக்கொண்டு விடுகின்றன. சாராயம் நரம்பை மந்தப்படுத்துகிறது. அதை ஈடுகட்ட மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று சாராயம் நின்றுவிட்டால், கூட்டிய வேகம் மட்டும் தனியே நின்று உடம்பை உலுக்குகிறது. கடைசியாகக் குடித்த ஆறு, எட்டு மணி நேரத்திலேயே கை நடுங்குகிறது, வேர்க்கிறது, வயிறு புரட்டுகிறது, தூக்கம் போய்விடுகிறது. காலையில் பீடி பற்ற வைக்க முடியாமல் கை ஆடுகிறவர், ஒரு குவளை உள்ளே போனதும் கை நிற்கிறவர், இந்த நிலைக்கு வந்துவிட்டவர். அவர் இன்பத்துக்காகக் குடிப்பதெல்லாம் என்றோ முடிந்து போயிற்று. நடுக்கத்துக்குப் பயந்துதான் அவர் குடிக்கிறார்.

ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறோம். நீண்ட நாள் தினமும் குடித்தவரை அறையில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைப்பது ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், யாரோ வெட்ட வருகிறார்கள் என்று ஓடுவார், காய்ச்சல் அடிக்கும். இது பேய் பிடித்ததல்ல. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாவிட்டால் உயிரே போகலாம். மருத்துவர் கையில் இதற்கு மாத்திரை இருக்கிறது. அளவைத் தினம் தினம் குறைத்து ஒரு வாரம் பத்து நாளில் அந்த மாத்திரையையும் நிறுத்திவிடலாம். இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய சாவை "திமிர் அடங்கட்டும்" என்று பார்த்துக்கொண்டிருப்பது நியாயமா?

அடித்துத் திருத்தலாம் என்ற தோழரை ஒன்று கேட்கிறோம். நம் சாலில் அடி வாங்காத குடிகாரர் எவராவது உண்டா? அடி வாங்கித் திருந்தியவரை விரல் விட்டு எண்ணிக் காட்ட முடியுமா?

ஊருக்கு அனுப்புவது மருந்தாகாது

நம்மவர்கள் செய்யும் வழக்கமான வைத்தியம் மூன்று.

முதலாவது, ஊருக்கு அனுப்புவது. "ரெண்டு மாசம் ஊர்ல கிடந்தா தெளிஞ்சிரும்" என்று டிக்கெட் எடுத்து ரயிலேற்றி விடுகிறோம். ரயில்வேயில் வேலை செய்பவன் என்ற முறையில் இதன் விளைவைச் சொல்கிறேன். மும்பையிலிருந்து நெல்லைச் சீமைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை நாளாகும். குடிக்காமல் ஏறுகிறவருக்கு வலிப்பும் தடுமாற்றமும் வரக்கூடிய நேரமும் ஏறக்குறைய அதேதான். கூட வைத்தியர் இல்லை, ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது, பொதுப் பெட்டியின் கதவு திறந்திருக்கிறது. அந்த இரண்டாம் இரவில் நடப்பதை "தவறி விழுந்தார்" என்று ஒரு வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். இப்படிப்பட்டவரை அழைத்துப் போக வேண்டிய கட்டாயம் வந்தால், முதலில் மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு, துணையோடு ஏறுங்கள். வழியில் உடம்பு மோசமானால் 139 என்ற எண்ணைக் கூப்பிட்டு அடுத்த நிலையத்தில் மருத்துவ உதவி கேளுங்கள். அப்படியே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாலும் ஊரில் மட்டும் என்ன வைத்திருக்கிறது? 2003-லிருந்து அங்கே அரசாங்கமே கடை திறந்து சில்லறையில் விற்கிறது.

இரண்டாவது, இரகசிய மருந்து. மின்சார ரயில் பெட்டிகளில் ஒட்டியிருக்கும் துண்டு விளம்பரங்களைப் பார்க்காதவர் உண்டா? "குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம்" என்று எழுதி ஒரு தொலைபேசி எண் போட்டிருப்பார்கள். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. டைசல்பிராம் என்று உண்மையான மாத்திரை ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் விழும். இருதயக் கோளாறு உள்ளவர் செத்தே போகலாம். ஆகவே நோயாளிக்கு எல்லாவற்றையும் சொல்லி, அவர் சம்மதித்த பிறகுதான் மருத்துவர் அதைத் தருவார். புருஷனைக் காப்பாற்ற நினைத்துப் பொடி கலக்கும் நம் சகோதரி, தன்னை அறியாமலே அவர் உயிருக்கு உலை வைக்கக் கூடும்.

மூன்றாவது, கோயிலிலும் தர்காவிலும் கொண்டுபோய்க் கட்டி வைப்பது. மனநோயாளிகளை இப்படிச் செய்யும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நடந்ததை மறக்க முடியுமா? மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டார்கள். சாமி கும்பிடுவதைச் சங்கம் தடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு மருத்துவரிடமும் போங்கள் என்கிறோம். சங்கிலி மட்டும் கூடாது.

வெளிநோயாளர் சிகிச்சை என்றால் என்ன?

"ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடலாமே, மாலை நேர மருத்துவர் எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். உள்ளே சேர்த்துச் சிகிச்சை தரும் நல்ல நிலையங்கள் உண்டு. புனேயில் 1986-ல் தொடங்கிய முக்தாங்கண் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வாழ்வளித்திருக்கிறது. அங்கே சேர்ந்தால் 35 நாள் தங்க வேண்டும். மாதச் சம்பளமும் விடுப்பும் உள்ளவருக்கு அது முடியும். நாக்காவில் நின்று அன்றாடக் கூலிக்குப் போகிறவர் 35 நாள் படுத்தால் அடுப்பு எரியுமா? ஒப்பந்தக்காரன்தான் அந்த இடத்தைக் காலியாக வைத்திருப்பானா?

பெரும்பாலானவர்களுக்குப் படுக்கை தேவையில்லை என்பதே மருத்துவம் கண்ட உண்மை. வெளிநோயாளராக வருகிறவருக்கு நடப்பது இதுதான். முதல் நாள் மருத்துவர் விசாரிக்கிறார்: எத்தனை வருடம், எவ்வளவு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, மஞ்சள் காமாலை உண்டா, தூக்கம் எப்படி, சாக வேண்டும் என்று நினைப்பு வருகிறதா என்றெல்லாம் கேட்கிறார். முன்பு வலிப்பு வந்தவர், புத்தி தடுமாறுகிறவர், ஈரல் கெட்டவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார். மற்றவர்களுக்கு நடுக்கம் வராமல் தடுக்கும் மாத்திரையைச் சில நாளுக்கு மட்டும் தருகிறார். அந்த மாத்திரையும் பழக்கமாகக் கூடியது. ஆகவே அதை வீட்டில் பொறுப்பானவர் கையில் கொடுக்க வேண்டும். கூடவே வைட்டமின் பி1 தருவார். குடித்துக் குடித்துச் சாப்பாட்டை விட்டவர் உடம்பில் அது வற்றிப் போயிருக்கும். அதனால் மூளையும் பார்வையும் கெடும். பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றி அனுப்பும் சந்து வைத்தியரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நடுக்கம் நின்ற பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். வாரம் ஒரு முறை வந்து உட்கார்ந்து பேச வேண்டும். சம்பள நாளில் எந்த வழியாக வீட்டுக்குப் போவது, கூட்டாளி இழுத்தால் என்ன சொல்வது, தூக்கம் வராத இரவில் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகத் திட்டமிட வேண்டும். வேட்கையைக் குறைக்கும் மாத்திரைகளும் இருக்கின்றன. மனைவியையும் அழைத்துப் பேசுகிறார்கள். நடுவில் ஒரு நாள் மறுபடி குடித்துவிட்டால் "போச்சு, எல்லாம் போச்சு" என்று கைவிடக் கூடாது. சர்க்கரை நோயாளிக்கு ஒரு மாதம் சர்க்கரை ஏறினால் மருத்துவரை விட்டுவிடுகிறோமா? அதுபோலத்தான் இதுவும். மறுநாளே திரும்பிப் போக வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள்தான் வேண்டுமா என்றால், கோவாவில் ஒரு பரிசோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் அமைப்பினரும் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு ஏதுமில்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, குடி கெடுதல் செய்யத் தொடங்கியிருந்த ஆண்களோடு நான்கு தடவைக்கு மேற்படாமல் பேச வைத்தார்கள். 377 பேரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, கடைசி 14 நாளாகத் தொடவே இல்லை என்றவர்கள், இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 100-க்கு 42 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 18 பேர். முற்றிய நோய்க்கு மருத்துவர் வேண்டும். முற்றாத நிலையில், பயிற்சி பெற்ற நம் வீட்டுப் பையனும் பெண்ணும் உட்கார்ந்து பேசினாலே பலன் உண்டு. சங்கத்தில் படித்துவிட்டு நிற்கும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல தொண்டு எது?

மனநோயும் தாய்மொழியும்

குடியைப் பற்றியே பேசி நம் தாய்மார்களின் நோயை மறந்துவிடக் கூடாது. குடும்பத்தில் ஒருவர் குடித்தால் இன்னொருவர் தூக்கமிழக்கிறார். உடம்பெல்லாம் வலி, தலைப் பாரம், நெஞ்சில் படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமை, பிள்ளையைத் தொட்டால் எரிச்சல் என்று மாதக் கணக்கில் இழுத்தால் அதற்குப் பெயர் மனச்சோர்வு நோய். சத்து ஊசி போட்டு அது தீராது. உரிய மாத்திரையும் பேச்சும் சேர்ந்தால் தீரும். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதை முதலிலேயே சொல்லாததால் பலர் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். பையன்களோ பட்டன் மாத்திரை, இருமல் மருந்து, எம்.டி. தூள் என்று வேறு பாதையில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சயான், கே.இ.எம்., நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளில் மனநோய்ப் பிரிவுகள் இருக்கின்றன; நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் காலையில் வரிசையில் நின்று கேஸ் பேப்பர் எடுத்து, மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கி வெளியே வரும்போது மதியமாகிவிடும். அன்றையக் கூலி போயிற்று. அடுத்த வாரமும் வா என்றால் யார் போவார்கள்? எலும்பு முறிவென்றால் ஒரு நாள் கூலியைத் தியாகம் செய்யலாம். வாரா வாரம், வருடம் முழுவதும் வர வேண்டிய நோய்க்கு இந்த நேரம் பொருந்தவே பொருந்தாது.

இன்னொரு தடை மொழி. காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். மனநோயைப் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்து, வீட்டுக்குள்ளேயே இருந்த தாய்க்கு இந்தியில் விலை கேட்கத் தெரியும். "உள்ளே என்னமோ பிசையுது, விடியாமலே இருந்தா தேவலாம்னு இருக்கு" என்பதை எந்த இந்தியில் சொல்வது? ஆகவே பத்து வயது மகளை மொழிபெயர்க்க அழைத்துப் போகிறார்கள். சாக வேண்டும் என்று தோன்றுவதைப் பெற்ற பிள்ளை வாயிலாக எந்தத் தாய் சொல்வாள்? "ஒன்றுமில்லை, தலைவலிதான்" என்று சொல்லி மாத்திரையோடு திரும்புகிறாள். தீர்மானத்தில் தமிழ் என்ற சொல்லைச் சேர்த்ததற்குக் காரணம் இதுவே. இதில் மொழிப் பற்று காட்டும் நோக்கம் ஏதுமில்லை. மராத்திப் பெண்ணுக்கு மராத்தியும், பீகார்த் தோழருக்குப் போஜ்புரியும் இதே காரணத்துக்காக வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது

2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மது, போதை ஆகியவற்றால் வரும் மனநிலைக் கோளாறும் அந்தச் சட்டப்படி மனநோயே. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் மனநல சேவைகளில் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு, அதற்கான அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசு நிலையங்களில் அது இலவசம். ஊரில் ரேஷன் கார்டை விட்டுவிட்டு வந்தவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளியின் விவரத்தை வெளியே சொல்லக் கூடாது. எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகப் போலீசுக்குப் பயந்து தயங்குகிறார்கள். கடுமையான மன அழுத்தத்தில் செய்தார் என்றே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய தண்டனைச் சட்டத்திலோ பழைய 309-வது பிரிவு அப்படியே இடம்பெறவில்லை. பையன் போதைத் தூள் பழகிவிட்டான் என்று தெரிந்தும் மறைக்கும் பெற்றோருக்கும் ஒரு செய்தி. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவின்படி, சிறிய அளவு வைத்திருந்ததற்காகக் குற்றம் சாட்டப்பட்ட அடிமை, அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அந்தக் குற்றத்துக்காக அவர் மேல் வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை.

நாம் கேட்பது புதுமையும் அல்ல. 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில், அடித்தட்டுச் சுகாதார நிலையங்கள் தர வேண்டிய சேவைகளின் பட்டியலிலேயே மனநலமும் இருக்கிறது. 2022-ல் மும்பை மாநகராட்சி "ஆப்லா தவாகானா" என்ற பெயரில் மாலையிலும் திறந்திருக்கும் மருந்தகங்களைத் தொடங்கியது. கட்டடம் இருக்கிறது, மாலை நேரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. பயிற்சி பெற்ற ஒரு மருத்துவரையும், பேச ஒருவரையும், தீராத மருந்தையும் அங்கே வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

பெயர் கெட்டுவிடுமா?

மூன்றாவது தோழரின் வருத்தம் நமக்குப் புரிகிறது. இந்த நகரத்தில் நம்மை இழிவாகப் பேசி அடித்த காலத்தை நாம் மறக்கவில்லை. ஆனால் நோயை மறைத்துப் பெயரைக் காப்பாற்றியவர் எவரும் இல்லை. காச நோய்க்கு மருந்து கேட்டபோது நம் பெயர் கெட்டதா? சாக்கடை ஓரம் விழுந்து கிடப்பவரைப் பார்த்துக் கெடாத பெயர், மருத்துவர் வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தா கெட்டுவிடும்?

"கடையை மூடச் சொல்லுங்கள், மருத்துவர் தேவைப்படாது" என்ற வாதமும் வந்தது. அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு மக்கள் நலத்தை உயர்த்துவதையும் மதுவிலக்கையும் ஒரே மூச்சில் அரசின் கடமையாகச் சொல்கிறது. குடியிருப்புக்கும் பள்ளிக்கும் அருகில் கடை கூடாது என்ற நமது போராட்டம் தொடரும். ஆனால் கடையை மூடிய அன்றும், ஏற்கெனவே அடிமையானவர் கை நடுங்கத்தான் செய்யும். மருந்து இல்லாவிட்டால் அவர் விஷச் சாராயத்தைத் தேடிப் போவார். 2004-ல் விக்ரோளியிலும், 2015-ல் மால்வணியில் 100 பேருக்கு மேலாகவும், 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேலாகவும் செத்தவர்கள் யார்? நம்மைப் போன்ற கூலிக்காரர்கள். மது வரியில் கஜானாவை நிரப்பும் அரசுகள், அந்த வரியைக் கட்டி நோயாளியானவனுக்கு வாரம் இரண்டு மாலை மருத்துவர் தரக் கூடாதா? நம் பணத்தில் ஒரு சிறு பங்கைத் திருப்பிக் கேட்கிறோம், அவ்வளவுதான்.

இனி செய்ய வேண்டியது

மாநகராட்சி வார்டு அலுவலகத்திலும் சுகாதார அதிகாரியிடமும் தர வேண்டிய மனு தயாராகிவிட்டது. தமிழ், மராத்தி, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் அச்சிட்டிருக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை முதல் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப்படும். பக்கத்துச் சாலில் இருக்கும் மராத்தி, உத்தரப் பிரதேச, முஸ்லிம் தோழர்களிடமும் போகிறோம். இந்த நோய்க்கு மொழியும் மதமும் கிடையாது. மருத்துவரோடு உட்கார்ந்து தமிழில் பேசி உதவ, பயிற்சி பெற விருப்பமுள்ள பத்து இளைஞர்கள், அதில் பாதிப் பேர் பெண்கள், பெயர் கொடுக்க வேண்டும். கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி தருகிறவர்களை மட்டுமே எடுப்போம்.

மனு பலிக்கும் வரை நோய் காத்திருக்காது. மனம் தளர்ந்தவர்கள் 14416 என்ற மத்திய அரசின் டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். போதைப் பழக்கம் பற்றிக் கேட்க 14446 என்ற எண் இருக்கிறது. பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியவருக்கு, முதல் நாள் மட்டுமாவது கூட வர ஒரு உறுப்பினரைச் சங்கம் அனுப்பும். அடி வாங்கும் தாய்மார்களுக்கு ஒரு சொல்: அவருக்குச் சிகிச்சை நடக்கிறது என்பதற்காக அடியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாந்த்ரா பாபா மருத்துவமனையில் தொடங்கிய "திலாசா" பிரிவு வீட்டில் அடிபடும் பெண்களுக்காகவே இருக்கிறது. அங்கே போகத் துணை வேண்டுமானால் நமது மகளிர் அணியினர் வருவார்கள்.

பொதுக்குழுவில் கை தூக்காத தோழர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டடத்தில், உங்கள் தளத்தில், இப்போது குடியால் அழிந்துகொண்டிருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரியும். அவர் குடிக்காத ஒரு காலை நேரத்தில் போய், "வாரும், இரண்டு பேருமாக டாக்டரிடம் போய் வருவோம்" என்று ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். அவர் வர மறுத்தால் அடுத்த வாரமும் கூப்பிடுங்கள். அதற்குப் பிறகும் இந்தத் தீர்மானம் தேவையில்லை என்று தோன்றினால், அடுத்த பொதுக்குழுவில் எழுந்து பேசுங்கள், கேட்டுக்கொள்கிறோம். அதுவரை, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலுக்கு வரும் மனுவில் கையெழுத்துப் போடுங்கள்.

- ஆசிரியர்